காடு பிடித்த விளையை வெட்ட ஆளா, மிஷினா, ஜே.சி.பி.யா, மருந்தா?

குமரி மாவட்டத்துக் குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரைக்கும், அப்புறம் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. நல்ல ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். பின்னால் பத்து சென்டோ இருபது சென்டோ விளை, அதாவது வீட்டுத் தோட்டம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை, ஐப்பசி மழை இரண்டும் விழுகிற மண் என்பதால் ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் இடுப்பு உயரத்துக்குக் காடு. இரண்டாவது வருஷம் கிணறு இருந்த இடமே தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணி, "மக்களே, உங்க விளையில இருந்து பாம்பா வருது, ஆளை விட்டு வெட்டிப் போடுங்க" என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும்.

அந்த நேரத்தில் நான்கு வழிகள் காதில் விழும். வெட்டுக்கத்தியோடு கூலி ஆள், பிரஷ் கட்டர் (தோளில் மாட்டி ஓட்டுகிற புதர் வெட்டும் மிஷின்), ஜே.சி.பி., களைக்கொல்லி மருந்து. எல்லாரும் ஒப்பிடுவது காசை. எது எத்தனை ரூபாய், எத்தனை நாளில் முடியும் என்று கேட்பார்கள். அது தப்பில்லை. ஆனால் இந்த நான்கிலும் ஆபத்து ஒன்றுபோல இல்லை. வழியை மாற்றினால் ஆபத்து குறைவதைவிட ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு, காலிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து கிணற்றுத் தண்ணீருக்கு என்று இடம் மாறுவதுதான் அதிகம். அதனால் யாருக்கு, எங்கே அடிபடும் என்பதையும், வெட்டியது எங்கே போகும் என்பதையும் முதலில் பார்த்துவிட்டுக் காசுக்கு வருகிறேன்.

காட்டுக்குள் என்ன இருக்கிறது

எந்த வழியில் போனாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். முதலில் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத்தான் இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். நம் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று உண்டு. மேற்கு மலையடிவாரத்திலும் ரப்பர் தோட்டங்களிலும் காய்ந்த இலைக்குள் சுருண்டு கிடக்கும், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் ஒரு சின்னக் குழிவிரியன். அதன் கடிக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவும் கூடாது. ரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கலாம் என்பதால் டாக்டர் கண்காணிப்பு கட்டாயம். எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். குமரி மாவட்டத்தில் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு ஓடுவதில் போகிற நேரம் வீண். அந்தத் தேடலில் இரண்டாவது ஆளுக்கும் கடி விழலாம். பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024இல் அறிவித்தது.

அடுத்தது செடிகள். பூனைக்காலி நெற்றின் சுணை பட்டால் அரிப்பிலேயே அன்றைக்கு வேலை முடிந்தது. செந்தட்டி இன்னொரு ரகம். சேரு மரத்தின் பால் பட்டால் சிலருக்கு முகமே வீங்கிவிடும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே "எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்கிற ஆளை நம்பி மற்றவர்களை அதன் பக்கம் விடக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் தெறிப்பது தோலில் படுவதைவிட மோசம். கம்யூனிஸ்ட் பச்சை என்று எல்லையின் இரு பக்கமும் சொல்கிற செடி ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் கோடையில் காய்ந்து நிற்கும்போது ஒரு பீடி நெருப்பு போதும்.

மரப்பொந்தில் கடந்தை (பெரிய குளவி) கூடு இருக்கலாம். பழைய ரப்பர் சிரட்டைகளிலும் உடைந்த பானைகளிலும் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளர்ந்திருக்கும். கேரளப் பக்கம் ஆப்பிரிக்க நத்தையும் சேர்ந்துகொள்ளும். அதை வெறுங்கையால் எடுக்கக் கூடாது, மூளைச் சவ்வைத் தாக்கும் ஒரு புழுவை அது சுமக்கக்கூடும். வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவையும் மாங்காயையும் அப்படித்தான் ஒதுக்க வேண்டும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கிணற்றுக்கு. செம்பாறையில் வெட்டிய, கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. மேலே கொடி படர்ந்து தரைபோலவே தெரியும். செப்டிக் டேங்கின் உளுத்த மூடியும் அப்படித்தான். வேலை தொடங்குமுன் ஊரில் வயசான ஒருவரைக் கூட்டிவந்து "கிணறு எங்கே, டேங்க் எங்கே, பழைய கக்கூஸ் குழி எங்கே" என்று கேட்டு, அந்த இடங்களில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கத்தியோ செருப்போ கிணற்றுக்குள் விழுந்தால் யாரும் இறங்கக் கூடாது. நாள்பட மூடிக்கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் இல்லாமல் முதலில் இறங்கியவர் மயங்குவதும், காப்பாற்றப் போனவரும் போய்ச் சேர்வதும் திரும்பத் திரும்ப நடக்கிற கதை. 112-க்கோ 101-க்கோ போன் செய்தால் தீயணைப்புத் துறை வரும்.

கூலி ஆள்

வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும் கொண்ட கூலி ஆள்தான் பழக்கமான வழி. அவசரப்படாமல் வெட்டுவார். நல்ல செடியை விட்டுவைப்பார். ஒரு கறிவேப்பிலைக் கன்றோ நல்லமிளகுக் கொடியோ தப்பிக்க வேண்டும் என்றால் இவர்தான் வேண்டும். சத்தம் இல்லாததால் சரசரப்பு காதில் விழும். பிரச்சினை என்னவென்றால், மேலே சொன்ன எல்லா ஆபத்துக்கும் முன்னால் நிற்பது அவருடைய வெறுங்காலும் வெறுங்கையும்தான். பாம்புக் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் கையிலும்தான் விழுகிறது. முழங்கால் வரைக்கும் வரும் கம்பூட் ஒன்றே இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். "அது போட்டா நடக்க வராது சாரே" என்பார். வேலைக்கு முந்தின நாளே வாங்கிக் கொடுத்து நடந்து பார்க்கச் சொன்னால் அந்தப் பேச்சு குறையும்.

கையுறை விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கத்தி பிடிக்கிற கையில் உறை போட்டால் பிடி வழுக்கும். அப்படியானால் செடியைப் பற்றி இழுக்கிற கையிலாவது தடித்த உறை இருக்கட்டும். அதைவிட நல்லது, அந்தக் கைக்கு ஒரு கவைக்கம்பைக் கொடுப்பது. கம்பால் தட்டி, செடியை வளைத்துப் பிடித்து, அப்புறம் வெட்டுவது. குனிந்து கையை உள்ளே விடாமலே பாதி வேலை நடந்துவிடும்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். வெளிவேலியிலிருந்து வீட்டை நோக்கி வெட்டிக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் வீட்டுத் திண்ணையில்தான் வந்து நிற்கும். வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வெளியே, ஆள் இல்லாத பக்கமாக வெட்டிப் போக வேண்டும். காலை வெயில் ஏறிய பிறகு இறங்கி, இருட்டுமுன் ஏறிவிட வேண்டும். கோடையில் நடுப்பகல் வேலையும் வேண்டாம். கேரளத் தொழிலாளர் துறை ஒவ்வொரு வருஷமும் கடும் வெயில் மாதங்களில் திறந்தவெளி வேலையைப் பகல் 12 முதல் 3 மணி வரை நிறுத்தச் சொல்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே வெயில்தான் அடிக்கிறது.

காசு? ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2022-23இல் கிராமப்புற விவசாயக் கூலி கேரளத்தில் நாளுக்குச் சராசரி 764 ரூபாய், தமிழ்நாட்டில் 470 ரூபாய். ஆனால் களியக்காவிளையில் இருக்கிற ஆள் காலையில் பஸ் ஏறினால் அந்தப் பக்கக் கூலிக்கே போய்விடலாம் என்பதால், குமரி மேற்கில் தமிழ்நாட்டுச் சராசரியைச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது.

பிரஷ் கட்டர்

நாள் கணக்கில் நடக்கிற வேலை மணிக்கணக்கில் முடியும் என்பதால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆள் நிமிர்ந்து நின்று வெட்டுகிறார், கை காட்டுக்குள் போவதில்லை, பாம்புக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் குழாய் இருக்கிறது. பாம்பு விஷயத்தில் கூலி ஆளைவிட இது மேல். சந்தேகமில்லை.

ஆனால் ஆபத்து இப்போது கண்ணுக்கும் காலுக்கும் அடுத்தவருக்கும் போய்விட்டது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றுகிற தகடு ஒரு கல்லைத் தட்டினால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிஷினோடு வரும் கையேடுகளில் பொதுவாக எழுதியிருப்பது, ஓட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 20 மீட்டர்தான். அதாவது நடுவில் ஒருவர் மிஷின் ஓட்டினால் விளைக்குள் வேறு யாருக்கும் இடமில்லை. வேலியை ஒட்டி ஓட்டும்போது பக்கத்து வீட்டு ஜன்னலும், ரோட்டில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். முன்னால் ஒருவர் மிஷின் ஓட்ட, பின்னாலேயே இரண்டு பேர் வாரிப் போடுகிற காட்சி நம்மூரில் சாதாரணம். நேரம் மிச்சம் என்று அப்படிச் செய்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் தடுத்தாலே பாதி விபத்து குறையும் என்பது என் எண்ணம்.

மிஷினின் தலையில் எதை மாட்டுகிறார்கள் என்று கேளுங்கள். புல்லுக்கும் இளஞ்செடிக்கும் நைலான் நூல் போதும். கல் பட்டாலும் நூல்தான் அறும். தடித்த தண்டுக்குத்தான் இரும்புத் தகடு. தகட்டின் முன்பக்க வலது விளிம்பு, கடிகாரத்தில் 12க்கும் 3க்கும் நடுவில் வருகிற பகுதி, கட்டையில் பட்டால் மிஷின் ஆளையே தூக்கி அடிக்கும். ஆன்லைனில் சங்கிலி கோத்த தலை ஒன்று விற்கிறார்கள். எதையும் வெட்டும் என்று வீடியோவும் போடுவார்கள். அதன் கண்ணி ஒன்று அறுந்தால் தோட்டாதான். ஐரோப்பாவில் அதை விற்கவே தடை. அதை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பலாம்.

முகத்தை மூடும் வலைத் திரை, அதற்குள்ளே கண்ணாடி, முழங்காலுக்குக் கீழே தடுப்பு, பூட்ஸ், காதடைப்பான். இவை இல்லாமல் லுங்கியை மடித்துக் கட்டி ரப்பர் செருப்போடு ஓட்டுகிறவர்களே அதிகம். காதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். பெட்ரோல் பிரஷ் கட்டர் ஓட்டுகிறவரின் காதுக்குப் போவது கிட்டத்தட்ட அந்த அளவு சத்தம். அவர் ஓட்டுவதோ நாள் முழுக்க. அதோடு அந்தச் சத்தத்தில் கடந்தை கலைவதும் தெரியாது, நீங்கள் கத்துவதும் கேட்காது. கூப்பிட வேண்டுமானால் முன்பக்கமாக, தூரத்தில் நின்று துணியை ஆட்ட வேண்டும். பின்னால் போய்த் தோளைத் தொடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பலர் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பையன்கள். கிணறு இருக்கிற இடத்தைத் தமிழில் சொல்லிவிட்டுத் தலையாட்டியதைப் பார்த்துத் திருப்தி அடையாமல் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள்.

லீவுக்கு வந்த வீட்டுக்காரரே புதுசாக மிஷின் வாங்கி இறங்குவது என்று ஒன்று இருக்கிறது. பதினைந்து நாள் லீவில் ஒரு நாள் பழகி, ஒரு நாள் வெட்டி, மீதி நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார். புல் வெட்டட்டும். காட்டுக்கு வேண்டாம்.

ஜே.சி.பி.

உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர்தான் நான்கு வழியிலும் பத்திரமானவர். அவரைச் சுற்றி இருக்கிற மற்றதெல்லாம் பத்திரமில்லை. கிணற்று ஓரம் இடியும், டேங்க் உடையும், தண்ணீர்க் குழாய் கிழியும், கை தூக்கும்போது மின்கம்பி சிக்கும். பின்னாலேயே வேர் பொறுக்கப் போகிறவர் வண்டி திரும்பும்போது அடிபடுவார். தென்னையின் வேர் அறுந்தால் அந்த வருஷம் தெரியாது, அடுத்த வருஷக் காய்ப்பில் தெரியும். சர்வே கல் ஒன்று நகர்ந்தால் அது தாலுகா ஆபீஸ் வரைக்கும் போகும். மேற்குப் பக்கச் சரிவு விளைகளில் மேல்மண்ணை வழித்துவிட்டால் முதல் மழையிலேயே செம்மண் கீழ்வீட்டு முற்றத்துக்குப் போய்விடும்.

அரை ஏக்கருக்கு மேல், பழைய ரப்பரைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் இது சரி. வீட்டை ஒட்டிய பத்து சென்டுக்கு ஜே.சி.பி.யைக் கூப்பிடுவதற்கு உண்மையான காரணம் சீக்கிரம் முடியும் என்பது மட்டுந்தான்.

மருந்து

இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மருந்தடித்தாலும் காடு போகாது. காய்ந்து நிற்கும், அதை மறுபடி வெட்டத்தான் வேண்டும். நடுவில் தீப்பிடிக்கத் தோதாக ஒரு மாதம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் கேரளம் 2011இல் தடை செய்தது. வயிற்றுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. நுரையீரல் இறுகிச் சாக நாளாகும், அதுதான் கொடுமை. 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல்வயலில் பூச்சிமருந்து அடித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதை அடுத்துக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியையும் கேரளம் நிறுத்தியது. அதற்குச் சில வருஷம் முன்பே, 2015இல், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியிருந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசும், பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்களைத் தவிர வேறு யாரும் கிளைபோசேட் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தப் பக்கம் கிடைக்காததை இந்தப் பக்கம் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊரில், பத்து சென்ட் புல்லுக்காக, கசிகிற தெளிப்பானை ஒருவர் முதுகில் ஏற்றுவதை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன்.

வெட்டியது எங்கே போகும்?

வெட்டுவதில் முக்கால்வாசிப் பேர் கவனமாக இருந்துவிடுவார்கள். அள்ளுவதில்தான் அசட்டை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஏனென்றால் எங்கே போகும் என்று முதலில் முடிவு செய்தால்தான் யாரை வைத்து வெட்டுவது என்பதும் தெளியும்.

எரிப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. திறந்த வெளியில் கழிவு எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. தோட்டக் கழிவை வளாகத்துக்குள்ளேயே தனியாக வைக்கச் சொன்னதும் அவைதான். சட்டத்தை விடுங்கள். குவியலுக்குள் நெகிழிப் பை, பழைய டயர், முந்திரிக்கொட்டைத் தோல் எல்லாம் கலந்திருக்கும். அந்தப் புகை யார் வீட்டுக்குள் போகும் என்பது காற்றின் கையில். நெருப்பு கட்டுக்குள் இருக்கும் என்பதும் நம்பிக்கைதான். 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சி பிரம்மபுரத்தில் குப்பைக் கிடங்கில் பிடித்த தீயை முழுக்க அணைக்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. அது பெரிய கிடங்கு, நம்முடையது சின்னக் குவியல் என்பது சரிதான். ஆனால் குவியலுக்கு அடியில் நெருப்பு கனன்றுகொண்டே கிடக்கும் தன்மை இரண்டுக்கும் ஒன்று.

டெம்போவில் ஏற்றி அனுப்புவது இரண்டாவது. "எங்கே கொட்டுவீங்க?" என்று கேட்டால் "அதை நாங்க பாத்துக்கிடுவோம்" என்று பதில் வந்தால், அது ஆற்றங்கரைக்கோ யாராவது ஒருவருடைய பூட்டிய விளைக்கோதான் போகும். எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர்ப் பகுதிகளில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு அந்த மாதமே லாரிகளில் கேரளத்துக்குத் திருப்பி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு களியக்காவிளை, புளியரைச் சோதனைச் சாவடிகளில் குப்பை வண்டி என்றால் தனிப் பார்வைதான்.

இதில் விளை வெட்டுகிறவருக்கு ஒரு நேரடிப் பாடம் உண்டு. உங்கள் விளை ரோட்டோரம் இருந்து, வேலிக்குள் கட்டிய சாக்குகளும் பைகளும் கிடந்தால், அவற்றைச் செடியோடு சேர்த்து வாரக் கூடாது. ஊசி இருக்கலாம். கையால் அமுக்கிப் பார்க்காமல், நீள இடுக்கியாலோ மண்வெட்டியாலோ தனியே ஒதுக்கிவிட்டு ஊராட்சிக்குச் சொல்ல வேண்டும். ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, நசுக்காமல், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்க 72 மணி நேரம்தான் கெடு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. இப்படிப்பட்ட விளையில் பிரஷ் கட்டரை முதலில் விட்டால் பைகளும் ஊசிகளும் சிதறி எல்லா இடமும் பரவிவிடும். அங்கே கூலி ஆள்தான் முதலில், அதுவும் நிதானமாக.

விளையை ஒட்டித் தோடு (சிற்றோடை) ஓடினால் இன்னொன்று. கழிவைத் தோட்டில் தள்ளுவதும், அப்புறம் தோடு அடைத்ததென்று ஆளை இறக்குவதும் சேர்ந்தே நடக்கும். 2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தற்காலிகத் தொழிலாளி வெள்ளத்தில் போனார். உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள். மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போது தோட்டுக்குள்ளும் ஓடைக்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

மிச்சம் இருப்பது மூன்றாவது வழி. எடுத்துப் போகாமலே விடுவது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏற்றுகிற இறக்குகிற ஆபத்தே இல்லை. இலையும் புல்லும் வெட்டிய இடத்திலேயே கிடக்கட்டும். தென்னையைச் சுற்றி ஆறடி வட்டத்தில் மட்டையையும் கதம்பலையும் (தேங்காய் உரித்த நார்மட்டை) பரப்பலாம். கதம்பலின் முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் ஈரமும் நிற்கும், தண்ணீர் தேங்கிக் கொசுவும் வளராது. பூனைக்காலி நெற்றையும் சேருவையும் மட்டும் தனியே புதைக்க வேண்டும். உளுத்த தென்னந்தடியைக் குவித்துப் போடக் கூடாது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அதில்தான். பெரிய குவியல் எதுவானாலும் வீட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். சில வாரம் கழித்து அதைக் கிளறுகிறவர் முதலில் கம்பால் தட்டட்டும், அதற்குள் புது ஆட்கள் குடிவந்திருப்பார்கள்.

கண்ணாடி, நெகிழி, சிரட்டை, பானை ஓடு எல்லாம் தனிச் சாக்கில். கேரளப் பக்கம் என்றால் நெகிழியும் கண்ணாடியும் வீடு வீடாகக் கழிவு எடுக்க வரும் ஹரித கர்ம சேனை பெண்களிடம், நம் பக்கம் ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். விளைக்குள் ஆளைக் காப்பாற்றிவிட்டுச் சாக்கு தூக்குகிறவர் கையைக் கிழிப்பது என்ன நியாயம்?

நான் எதைச் சொல்வேன்

வீடுகளுக்கு நடுவே இருக்கிற பத்து, இருபது சென்ட் விளை என்றால் கூலி ஆளும் பிரஷ் கட்டரும் இரண்டும் வேண்டும்; ஒரே நாளில் வேண்டாம். முதல் நாள் கூலி ஆட்கள் இரண்டு பேர் கிணற்றருகே சிவப்புத் துணி கட்டி, சுவரோரம், மரத்தடி, கல் குவியல், சாக்கு எல்லாம் ஒதுக்கி, காப்பாற்ற வேண்டிய கன்றுகளுக்குக் கம்பு நட்டுவிட்டுப் போகட்டும். மறுநாள் மிஷின் மட்டும், தனியாக. அது போன பிறகு வாருகிறவர்கள். மிஷினை மட்டும் விடுவதைவிடச் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் இரண்டு வழியின் மோசமான பகுதியும் இதில் கழிந்துவிடும். மாசி, பங்குனியில் செய்யுங்கள். இடவப்பாதி தொடங்கிவிட்டால் சரிவில் மிஷினோடு ஒருவரும் நிற்க முடியாது.

மரக்கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றால் முதல் போன் மின்வாரியத்துக்கு. தமிழ்நாட்டில் மின்னகம் 94987 94987, கேரளத்தில் 1912. லைனை நிறுத்தாமல் அலுமினியத் தோட்டியை (கொக்கிக் கம்பை) யாரும் அந்தப் பக்கம் தூக்கக் கூடாது. பலா பறிக்கப் போனவர்கள் எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

ஆளைக் கூப்பிடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டீர்கள்? பத்து வருஷத்துக்கு மேல் என்றால் வேலைக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள். இரண்டாவது, பேங்கில் அந்த 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதா? பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், 18 முதல் 70 வயது வரை, வருஷம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். பாம்புக் கடிக்கும் மரத்திலிருந்து விழுவதற்கும் அது உண்டு. ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்த சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். நாட்டு வைத்தியரிடம் போய்விட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் உயிரும் சிக்கல், பணமும் சிக்கல்.

வேலை முடிந்து ஒரு மாதம் வரைக்கும் காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். ஈரமண்ணிலும் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் தசை வலிக்கும், கண் சிவக்கும். புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ்; அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது என்பதால் அவரே பார்த்திருக்க மாட்டார். இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை கேட்கும், சீக்கிரம் தொடங்கினால். சேற்றில் பல நாள் நிற்கிற வேலை என்றால் வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் முன்கூட்டியே எடுப்பதைக் கேரளச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும். காய்ச்சலோடு போகிறவர் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது "பத்து நாள் முன்னால காடு வெட்டினேன்" என்பதை. இதைக் கூலி கொடுக்கும்போதே அவருக்கும் அவர் வீட்டுக்காரிக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் ஒரு போனும் போடுங்கள்.